அணிலின் பாதமும் அகழானின் பல்லும்

ஈச்சிலம்பற்றில் தென்னை நிற்கும் வளவுகளிலே ஒரு காட்சியைக் காணலாம். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, மரத்தின் உடலைச் சுற்றித் தகரத்தகடு ஒன்று வளையமாக ஆணி அடிக்கப்பட்டிருக்கும். எலியும் அணிலும் மேலே ஏறிக் குரும்பையைக் கொறிக்காதபடி செய்த ஏற்பாடு அது. வழுவழுப்பான தகரத்தில் நகம் பதியாது. நகம் பதியாத இடத்தில் அணிலுக்குப் பாதையில்லை. ஆனால், அடுத்த மரத்து ஓலை இந்த மரத்து ஓலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் அடித்த கூலி வீண். அணில் நிலத்துக்கு இறங்காமலே மரத்துக்கு மரம் தாவிவிடும். ஓர் உயிர் எப்படி நடமாடுகிறது என்பதை அறியாமல் அதைத் தடுக்க முடியாது; காக்கவும் முடியாது. தகரம் அடிக்கும் உழவன் இந்த உண்மையை ஏட்டிலே படித்தவனல்லன், கண்டு தெளிந்தவன்.

இந்தத் தகரத்தைப் பற்றிய பேச்சு ஒருநாள் நமது வகுப்பறையிலே எழுந்தது. நாம் தமிழ் கற்பிப்பவர்கள். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடவேளையொன்றை அன்று நாமே ஏற்க நேர்ந்தது. அணிலைத் தகரம் தடுக்கிறது, தேங்காய் பறிக்க ஏறும் மனிதனை ஏன் தடுப்பதில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கையிலே பின்வரிசையிலிருந்து ஒரு பையன் மறுமொழி சொன்னான்: "அவங்கட ஆக்களுக்கு மரம் ஏறுறது உடம்பிலேயே ஊறினது, சேர். சாதியிலேயே இருக்கு." வகுப்புச் சிரித்தது. சிரிக்காமல் தலை குனிந்திருந்தவன் ஒருவனே. மரம் ஏறிக் கூலி பெறும் ஒருவரின் மகன் அவன்.

அன்று நாம் கடிந்து பேசினோம். ஆனால், கடிந்து பேசுவது விடையாகாது. அந்தப் பையன் கையிலிருந்த பாடநூலைத் திறந்து பார்த்தால், விலங்குகளை வகைப்படுத்தும் இடத்திலே 'வருணம்' என்றும் 'சாதி' என்றும் நம் நாட்டுக் கலைச்சொற்கள் நிற்கின்றன. எலியும் அணிலும் ஒரே வருணம், சாதிகள் வேறு. விலங்கின் சாதி அதன் உடம்பிலே எழுதப்பட்டிருக்கிறது என்று படிக்கும் பிள்ளை, மனிதனின் சாதியும் அவ்வாறே என்று எண்ணினால் அதைப் பிள்ளையின் குற்றம் மட்டும் என்று தள்ளிவிடலாமா? ஆகவே எலி, அணில் ஆகியவற்றின் உடல் எவ்வாறு அமைந்தது, எவ்வளவு காலத்தில் அமைந்தது, அந்த வரலாறு மனிதனுக்கு எதைக் கற்பிக்கிறது, எதைக் கற்பிக்கவில்லை என்பதை ஆராய்வது நம் கடமையாயிற்று.

கொறிக்கும் விலங்குகள் என்ற வருணத்தில் இன்று ஏறத்தாழ 2,500 இனங்கள் உள்ளன. உலகில் வாழும் முலையூட்டி இனங்களை எண்ணினால் பத்துக்கு நான்கு இவ்வருணத்தைச் சேர்ந்தவை. மேல்தாடையில் ஒரு சோடி, கீழ்த்தாடையில் ஒரு சோடி என வெட்டும் பற்கள். அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். கொறித்துக் கொறித்தே தேய்க்கப்பட வேண்டும். இதுவே இக்கூட்டத்தின் பொது அடையாளம். பிள்ளையாரின் வாகனமெனச் சிலர் கூறும் மூஞ்சூறு இக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று. அது பூச்சி தின்னும் வேறொரு கிளை. முயலும் வேறு வருணமே. ஆனால், முள்ளம்பன்றி என்று நாம் அழைக்கும் விலங்கு பன்றியன்று, எலிக்கு உறவினம்.

பல்லால் ஒன்றுபட்ட இக்கூட்டம் காலால் பிரிந்தது. ஏறுவன, தாவுவன, மிதந்து இறங்குவன, தோண்டுவன, துள்ளுவன, நீந்துவன என அவற்றின் நடமாட்டங்கள் பல. பெயரிட்டவர்களும் இதையே கண்டு பெயரிட்டார்கள். மண்ணை அகழ்வதால் நம் முன்னோர் வயலெலியை அகழான் என்றார்கள். நம் வளவில் ஓடித் திரியும் மூன்று வரி அணிலுக்கு விலங்கியலார் இட்ட சாதிப் பெயர் 'பூனாம்புலஸ்'. கயிற்றின்மேல் நடப்பவன் என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். பெரிய பறக்கும் அணிலின் சாதிப் பெயரான 'பெற்றோறிஸ்ரா' என்பது கழைக்கூத்தாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஆக, உழவனும் விஞ்ஞானியும் ஒரே வழியிற் சிந்தித்திருக்கிறார்கள்: உயிரை அதன் நடையால் அறிவது.

அணிலை எடுத்துக்கொள்வோம். இராமன் தடவிய விரல்களால் மூன்று வரி வந்தது என்று நம் பாட்டிமார் கதை சொல்வார்கள். வட இந்தியாவின் அணிலுக்கு ஐந்து வரி. அந்தக் கதைக்கு அங்கே ஐந்து விரல் வேண்டும். வரியை விட வியப்பானது அதன் பின்பாதம். அணில் தலைகீழாக மரத்தில் இறங்குவதை யாவரும் கண்டிருப்போம். பூனை அவ்வாறு இறங்க வல்லதன்று. அணிலின் கணுக்கால் மூட்டுத் திரும்பும் தன்மையுடையது. பின்பாதத்தை முற்றாகப் பின்னோக்கித் திருப்பி, கூரிய வளைநகங்களை மரப்பட்டையில் மாட்டித் தொங்கிக்கொண்டே இறங்கும். அடர்ந்த நீண்ட வால் சமநிலை காக்கும் கோல். தகரம் தோற்கடிப்பது இந்த நகத்தை. ஓலை வழி வெல்வது இந்த வாலும் காலும்.

நம் கிழக்குக் காடுகளிலே மர அணில் என்ற பேரணில் உண்டு. சிங்கள மக்கள் அதனைத் 'தண்டுலேனா' என்பர். அந்தப் பெயரே உலர்வலயத்தில் வாழும் உப இனத்தின் விஞ்ஞானப் பெயரிலும் இடம் பெற்றுவிட்டது. இலங்கையையும் தென்னிந்தியாவின் சில காடுகளையும் தவிர இவ்வினம் வேறெங்கும் இல்லை. இது நிலத்துக்கு இறங்குவது மிக அரிது. கிளைக்குக் கிளை தாவியே வாழ்கிறது. கிளைகள் இணையாத காடு அதற்குக் காடன்று. இதற்கும் ஒரு படி மேலே சென்றது பறக்கும் அணில். அது பறப்பதில்லை, மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை விரியும் தோற்சவ்வினால் காற்றில் வழுக்கி இறங்குகிறது. மணிக்கட்டிலிருந்து நீளும் குருத்தெலும்புக் கோல் ஒன்று சவ்வை விரித்துப் பிடிக்கும். ஒரே வீச்சில் நூறு மீற்றருக்கு மேல் கடக்கவும் அதனால் இயலும்.

இங்கே ஒரு செய்தி நம் சிந்தனைக்கு உரியது. ஆபிரிக்கக் காடுகளிலும் சவ்வு விரித்து மிதக்கும் கொறிக்கும் விலங்குகள் உண்டு. பார்வைக்குப் பறக்கும் அணிலேதான். ஆனால், அவை அணில் குடும்பத்தைச் சேர்ந்தவையல்ல. அவற்றின் சவ்வைத் தாங்கும் கோல் மணிக்கட்டிலிருந்து புறப்படவில்லை, முழங்கையிலிருந்து புறப்படுகிறது. ஒரே தேவை இரண்டு குடும்பங்களை ஒரே தோற்றத்துக்கு இட்டுச் சென்றது. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கு வாய்த்த என்பைக்கொண்டே அந்தத் தேவையை நிறைவேற்றிற்று. புறச்சூழல் வினாவை எழுப்புகிறது. விடையோ அவ்வுயிரின் கடந்த கால வரலாற்றிலிருந்தே வருகிறது. சமுதாய வரலாறு படிப்போர்க்கு இந்த உண்மை புதியதன்று.

மரத்திலே வாழும் இன்னொன்று நீள்வால் மரச்சுண்டெலி. பத்துப் பதினைந்து கிராம் நிறையே உள்ள இச்சிற்றுயிரின் பாதத்தில் முதல் விரலிலும் ஐந்தாம் விரலிலும் கூர்நகம் இல்லை. தட்டையான நகமே உண்டு. அவ்விரல்கள் எதிர்த்து மடங்கி மெல்லிய சுள்ளியைப் பற்றிக்கொள்ளும். உடலைவிட நீண்ட வால் கொடிபோலச் சுற்றிப் பிடிக்கும். அணிலோ பட்டையில் நகத்தைக் குத்தி ஏறுகிறது. இதுவோ கிளையைக் கையாற் பற்றி ஏறுகிறது. ஒரே மரத்துக்கு இரண்டு வழிகள், இரண்டு பாதங்கள்.

இனி நிலத்துக்கு இறங்குவோம். நம் வயல் வரம்பைத் துளைக்கும் அகழானுக்கு அகன்ற மூஞ்சி, முன்னே நீண்ட வெட்டும் பற்கள், தடித்த உடல், உடலைவிடக் குறுகிய வால். வளைக்குள்ளே நீண்ட வால் சுமையே. அறுவடைக் காலத்தில் கதிரை அறுத்து, வளையின் அறைகளுக்குள்ளே கொண்டு சென்று சேமித்து வைக்கும். மணற்பாங்கான வறள்நிலத்தில் வாழும் வெள்ளெலிக்கோ பின்னங்கால் நீண்டது. வாலின் நுனியில் மயிர்க்கொத்து. அஞ்சினால் துள்ளிப் பாயும். முள்ளம்பன்றியோ ஏறவுமில்லை, துள்ளவுமில்லை. பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட உடலுடன் தடித்த பாதங்களை ஊன்றி நடக்கும். ஓட வேண்டிய தேவையை முள் குறைத்துவிட்டது. அது முள்ளை எய்யும் என்பது கட்டுக்கதை. பின்னோக்கிப் பாய்ந்து குத்துவதே உண்மை.

உடலின் பருமனும் இந்த நாடகத்தில் ஒரு பாத்திரம். நீளம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், நிறையோ எட்டு மடங்காகும் என்ற கணக்கை உயிர்களின் என்புகளுக்குப் பொருத்திக் காட்டியவர் கலிலியோ, ஆண்டு 1638. உயரத்திலிருந்து விழும் சுண்டெலி எழுந்து ஓடிவிடும், குதிரையோ சிதறிவிடும் என்பதை இதே கணக்கால் 1926 இல் எளிய நடையில் விளக்கியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பொதுவுடைமைக் கொள்கையாளரான அவ்வறிஞர் 1957 இல் இந்தியாவுக்கு வந்து, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, 1964 இல் புவனேஸ்வரத்தில் மறைந்தார். சிற்றுடலுக்கு வீழ்ச்சி அச்சமில்லை. ஆகையாற்றான் சிறிய கொறிக்கும் விலங்குகள் மீண்டும் மீண்டும் மரத்தை நோக்கி ஏறத் துணிந்தன.

இவ்வளவு வேறுபாடுகள் எத்தனை காலத்தில் உண்டாயின? வட அமெரிக்காவிலே கிடைத்த, ஏறத்தாழ 36 மில்லியன் ஆண்டுப் பழமையான அணில் ஒன்றின் என்புக்கூடு இன்றைய மர அணிலின் கூட்டைப் பெரிதும் ஒத்திருக்கிறது. எலி, சுண்டெலிக் குடும்பத்தின் மிகப் பழைய தடயங்களோ நம் துணைக்கண்டத்திலேயே கிடைத்தன. இன்றைய பாக்கிஸ்தானின் பொற்வார் மேட்டுநிலத்திலே, சிவாலிக் படிவுகளில் ஏறத்தாழ 14 மில்லியன் ஆண்டுப் பழமையான பற்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. கை, கால் என்புகளின் நீள அகலங்களை அளந்தே ஒரு கொறிக்கும் விலங்கு ஏறுவதா, தோண்டுவதா, துள்ளுவதா என்று பெரும்பாலும் சரியாகக் கூறிவிடலாமென 2008 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அழிந்துபோன விலங்கின் நடையையும் அதன் என்பிலிருந்து மீட்டெடுக்கலாம். என்பு என்பது உறைந்துபோன நடை.

நடை உடலை ஆக்குகிறது என்று சொல்லும்போது ஒரு பிழைக்குள் விழக்கூடாது. ஏறி ஏறி நகம் வளர்ந்தது, தோண்டித் தோண்டிப் பல் நீண்டது, அது அப்படியே குட்டிக்கும் வந்தது என்று கூறுவது எளிது. 1809 இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் ஏறக்குறைய இவ்வாறே கருதினார். 1880களில் ஜேர்மானியரான வைஸ்மன் இக்கொள்கையைச் சுண்டெலிகளைக் கொண்டே சோதித்தார். ஐந்து தலைமுறைகளாகச் சுண்டெலிகளின் வாலை வெட்டினார். பிறந்த 901 குட்டிகளுள் ஒன்றுகூட வாலின்றிப் பிறக்கவில்லை. உடல் தன் வாழ்நாளில் அடைந்த மாற்றம் மரபிலே இறங்குவதில்லை. 1859 இல் டார்வின் காட்டிய வழி வேறு. ஒரு கூட்டம் புதிய வழியில் நடமாடத் தொடங்குகிறது. அதிலே பிறக்கும் குட்டிகள் யாவும் ஒரே அச்சல்ல. அந்த வழிக்குச் சற்றுப் பொருந்திய கணுக்காலோடு பிறந்தது சற்று அதிகமாகத் தப்புகிறது. சற்று அதிகமாக ஈனுகிறது. எண்ணற்ற தலைமுறைகளில் அந்தச் 'சற்று' ஓர் உடலாகிறது. பின்னர் அந்த உடலே அடுத்த வழியைத் திறக்கிறது. வேறு வழிகளை அடைக்கிறது.

இடதுசாரி எண்ணமுடைய நாம் இங்கே ஒரு கசப்பான பாடத்தையும் மறைக்கக்கூடாது. சோவியத் நாட்டிலே, சூழல் பெற்றுத்தந்த பண்பு மரபிலே இறங்கும் என்ற கருத்தை லைசென்கோ அரசின் வலிமையோடு நிலைநாட்ட முயன்றார். மாபெரும் தாவரவியலறிஞர் வவிலோவ் 1940 இல் கைதாகி 1943 இல் சிறையிலே மாண்டார். 1948 இல் மரபியல் அங்கே முற்றாக ஒடுக்கப்பட்டது. ஹால்டேன் போன்றோரும் இதனைக் கண்டிக்க நெடுநாள் தயங்கினர். மக்களுக்கு நன்மை வேண்டும் என்ற ஆசை உண்மைக்குப் பதிலாகிவிடாது. நமக்கு உவப்பானது என்பதற்காக ஒரு கொள்கை மெய்யாகிவிடுவதில்லை.

நம் தீவின் கொறிக்கும் விலங்குகளை ஏட்டில் ஏற்றிய வரலாறும் ஆட்சியின் வரலாறே. 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த ஆளுநராயிருந்த லோட்டன், இந்நாட்டு உயிர்களை ஓவியமாகத் தீட்டுவித்தார். அவ்வோவியங்களின் துணையோடு வேல்ஸ் நாட்டவரான பென்னன்ற் 1769 இல் வெளியிட்ட நூலிலேயே நம் மர அணிலுக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. இந்நாட்டிற் பிறந்த படை மருத்துவரான கெலார்ட் 1852 இல் இலங்கை விலங்குகளின் தொகுப்பை வெளியிட்டார். தேயிலைத் தோட்டத் துரையான பிலிப்ஸ் மலைக்காட்டு எலிகள் பலவற்றை விவரித்து, 1935 இல் இலங்கை முலையூட்டிகள் பற்றிய கைந்நூலை எழுதினார். இவர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால், காட்டிலே தடம் காட்டியவர், பொறி வைத்தவர், வளை அகழ்ந்தவர் ஆகியோரின் பெயர்களை அந்த ஏடுகளிலே காண்பது அரிது.

பெயரின்றிப் போனவர்களுள் பெருங்கூட்டம் ஒன்று உண்டு. கோப்பிப் பயிர் செழித்த காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களைக் கோப்பி எலி என்ற சிற்றெலி பாழாக்கியது. 1845 முதல் 1850 வரை குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் தமது இயற்கை நூலில் இதனை விவரிக்கிறார். காட்டிலே நெலுச் செடியின் விதை அற்றுப்போகும்போது இவ்வெலிகள் திரள் திரளாகத் தோட்டத்துள் புகுந்தன. ஒரு தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் வரை கொல்லப்பட்டதுண்டாம். கோப்பிச் செடியின் மெல்லிய கிளை தன் நிறையைத் தாங்காது என்பதால் அவ்வெலி நுனியை நோக்கி ஏறுவதில்லை. கிளையையே அறுத்து வீழ்த்தி, கீழே விழுந்த மொட்டையும் பூவையும் தின்றது. மரச்சுண்டெலியின் பற்றும் விரல் அதற்கு இல்லை. ஆகவே பல்லைப் பயன்படுத்திற்று. உடல் அமைப்பின் இந்தச் சிறு குறையே துரைமாரின் பெருநட்டமாயிற்று.

அதே நூல் இன்னொன்றும் கூறுகிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகள் அந்த எலியைத் தேங்காயெண்ணெயிற் பொரித்தும் கறியாக்கியும் உண்டார்களாம். எலி மிகுந்த தோட்டங்களையே அவர்கள் விரும்பினார்களாம். ரெனன்றுக்கு அது வேடிக்கையான சுவை. நமக்கு அது வேறொன்று. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த அந்த மக்களுள் எண்ணற்றோர் கொள்ளைநோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டார்கள். எஞ்சியோர் அரை வயிற்றுக்கு உழைத்தார்கள். எலியிறைச்சி இழிந்த உணவு என்று நாம் கூறவில்லை. நல்ல ஊன் உணவே. ஆனால், எலி மலிந்த தோட்டத்தை ஒருவன் தேடிச் சென்றானென்றால், அது அவன் நாவின் செய்தியா, அவன் கூலியின் செய்தியா? விலங்கைப் பற்றிய குறிப்பிலே மனிதனின் பசி பதிவாகியிருக்கிறது. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. பசி மட்டும் பயிர் மாறாமல் இருந்தது.

துறைமுகங்களின் கதை வேறு. வீட்டெலி எனப்படும் கறுப்பெலி எந்த நடைக்கும் முற்றாகத் தன்னை ஒப்படைத்ததன்று. ஏறும், ஓடும், பாயும், நீந்தும், ஓரளவு தோண்டும். கூரையில் வாழ வல்லது. கயிற்றின் வழியே கப்பலேற வல்லது. இன்றும் துறைமுகங்களிலே கப்பற் கயிறுகளில் வட்டத்தகடு மாட்டப்படுவது இவ்வெலியைத் தடுக்கவே. ஈச்சிலம்பற்றுத் தென்னையின் தகரமும் திருகோணமலைக் கப்பலின் தகடும் ஒரே அறிவின் இரு வடிவங்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றிய கறுப்பெலி உரோமர் காலத்திலேயே ஐரோப்பாவை அடைந்து, பின்னர் உலகெங்கும் பரவிற்று. 1970களில் ஜப்பானியரான யோசிடா அதன் நிறமூர்த்தங்களை எண்ணினார். கிழக்காசியாவில் 42, உலகின் மற்றத் துறைமுகங்களில் பரவியவற்றில் 38, இலங்கையிலோ 40. ஓர் எலியின் கலத்துக்குள்ளே கடல்வழிகளின் வரலாறு கிடக்கிறது.

1914 இல் கொழும்பிலே கொள்ளைநோய் புகுந்தபோது, தானியக் களஞ்சியங்கள் நெருங்கிய வறிய குடியிருப்புகளே பெரிதும் துன்புற்றன. கொழும்பு நகரின் நுண்ணுயிரியலாளரான ஹேர்ஸ்ற், எல்லா எலித்தெள்ளும் ஒரே அளவில் நோயைப் பரப்புவதில்லை என்பதை அங்கே நுணுகி ஆராய்ந்து காட்டினார். எந்த எலி, எங்கே உறங்குகிறது, எவ்வழியில் நடமாடுகிறது என்பது அன்று உயிர் பிரச்சினையாயிற்று. சாக்கடையிலே தோண்டி வாழும் எலி மனிதனுக்கு எட்ட நிற்கிறது. கூரையேறும் எலியோ அவன் பாயின் மேலேயே நிற்கிறது. நெரிசலான குடிசையைத் திருத்தாமல் எலியை மட்டும் சபிப்பதாற் பயனில்லை.

எதற்கும் முற்றாகப் பொருந்தாத இவ்வெலி எங்கும் வாழ்கிறது. ஒன்றுக்கு மிகப் பொருந்திய உயிரோ அந்த ஒன்றோடு கட்டுண்டு கிடக்கிறது. ஒகியாவின் மலைக்காட்டிலே 1929 இல் பிலிப்ஸ் விவரித்த எலி, உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத தனிச்சாதி என்று 1981 இல் தெளிவாயிற்று. காடு வெட்டப்படும்போது அழிவது இத்தகைய உயிர், பெருகுவது கறுப்பெலி. கிளைகள் அறுந்த காட்டிலே மர அணிலுக்கு வழியில்லை. குப்பை குவிந்த சந்தையிலே எலிக்கு வழி திறந்திருக்கிறது.

நம் வயலிலும் இதே நியதி. 2008 இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெருகிற்று. 7,000 க்கு மேற்பட்டோர் நோயுற்றனர், 200 பேர் வரை இறந்தனர். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலின் வெடிப்பு வழியாகக் கிருமி உடலுட் புகுகிறது. சேற்றில் வெறுங்காலோடு நிற்பவன் உழவன். நஞ்சு வைப்பது மட்டும் வழியன்று. அகழான் அகன்ற வரம்பிலும் புல் மண்டிய கரையிலுமே வளை தோண்டுகிறது. வரம்பை ஒடுக்கமாக வைத்து, புல்லைச் செதுக்கி, வெளி முழுவதும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்தால் அதன் வளையும் களஞ்சியமும் குறையும். இதை ஒரு காணிக்காரன் தனித்துச் செய்ய முடியாது. அடுத்த வயலின் வரம்பு அகன்றிருந்தால் அகழான் அங்கிருந்து வரும். ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை இது. காய்ச்சலைத் தடுக்கும் மாத்திரையை விதைப்புக்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறுவதும் உழவனின் உரிமை.

இனி வகுப்பறைக்குத் திரும்புவோம். பாஹியங்கல குகையிலே ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர் உண்ட விலங்குகளின் என்புகளை ஆராய்ந்து 2019 இல் முடிவுகள் வெளியாயின. அவற்றுட் பெரும்பகுதி குரங்குகளும் மர அணில்களும். இரண்டும் மரவுச்சியில் விரைந்து தாவுவன. அவற்றைப் பிடிக்க அம்மனிதர் வளைநகம் வளர்க்கவில்லை. திரும்பும் கணுக்கால் பெறவில்லை. என்பைத் தீட்டிச் சிறு கூர்முனை செய்தார்கள்; எய்தார்கள். அணில் மில்லியன் கணக்கான ஆண்டுகளில் உடலால் எட்டிய உயரத்தை மனிதன் கருவியால் எட்டினான். ஈச்சிலம்பற்றிலும் வெருகலிலும் வாழும் கரையோர வேடர் குடிகளின் முன்னோரது காட்டறிவும் பிறப்பில் வந்த புலனன்று. தகப்பன் மகனுக்குக் கற்பித்த கல்வி.

உழைப்பே கையை ஆக்கிற்று, கையே மனிதனை ஆக்கிற்று என்ற கருத்தை 1876 இல் எங்கெல்ஸ் எழுதினார். அதில் நாம் இன்று திருத்திக்கொள்ள வேண்டிய பகுதிகள் உண்டு. ஆயினும் அதன் மையம் நிற்கிறது: விலங்கு சூழலுக்கு உடலாற் பொருந்துகிறது, மனிதன் கருவியாலும் கூட்டுழைப்பாலும் கல்வியாலும் பொருந்துகிறான். மரம் ஏறுபவரைப் பாருங்கள். அவர் காலிலே தளைநார், இடுப்பிலே கத்தி. தகரத்தின் மேலே அவர் நகத்தைப் பதிக்கவில்லை. நாரையும் உடல் நிறையையும் கொண்டு மரத்தை இறுக்கிப் பிடிக்கிறார். அவர் பாதத்துக் காய்ப்பு முப்பதாண்டு உழைப்பின் முத்திரை. வைஸ்மனின் சுண்டெலிகள் வாலோடு பிறந்தன. அவர் மகனும் மெல்லிய பாதத்தோடுதான் பிறந்தான். அந்தப் பிள்ளையின் உடம்பிலே எந்தத் தொழிலும் எழுதப்படவில்லை. எழுதியது ஊர். ஊர் எழுதியதை ஊர் அழிக்கலாம்.

அணிலின் பாதம் அமையச் சென்ற காலம் மில்லியன் ஆண்டுகள். சாதி என்ற கட்டோ மனித வரலாற்றின் கடைசிப் பக்கங்களில் எழுதப்பட்டது. மரம் ஏறியவரின் மகள் வைத்தியராவதற்கு ஒரு தலைமுறையும் ஒரு பாடசாலையும் போதும். அகழானுக்கு அந்த வழி இல்லை; மனிதனுக்கு உண்டு.

அடுத்த கிழமை அதே வகுப்பிலே இவற்றையெல்லாம் கூறினோம். பின்னர் எல்லோரையும் பாடசாலை வளவிலுள்ள தென்னையடிக்கு அழைத்துச் சென்றோம். தலை குனிந்திருந்த அந்த மாணவனை ஏறச் சொல்லவில்லை. தளைநார் எவ்வாறு முடியப்படுகிறது என்பதை விளக்கச் சொன்னோம். அவன் அறிந்திருந்தான்; தகப்பன் கற்பித்திருந்தார். முடிச்சைக் கரும்பலகையிலே வரைந்தும் காட்டினான். பின்வரிசைப் பையன் தன் காலில் நாரை மாட்டி ஏற முயன்று, இரண்டு முழத்துக்கு மேல் போகமுடியாமல் வழுக்கி விழுந்தான். "இது படிக்க வேணும் போல இருக்கு, சேர்" என்றான் அவன். வகுப்பு மறுபடியும் சிரித்தது. இம்முறை சிரித்தவர்களுள் மரம் ஏறுபவரின் மகனும் இருந்தான்.